தமயந்தி செய்த சீ ஹாக்

ஜனவரி 6, திங்கள்

தமயந்தியின் கிளினிக் பலகையை இன்று ஏணி போட்டுக் கழற்றினேன். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனி குனிந்து நோயாளிகளின் வாய்க்குள் பார்க்கக் கூடாது என்று எலும்பு மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பலகை இருந்த இடத்தில் மட்டும் சுவர் புதிதாக இருக்கிறது.

பீளமேட்டில் இந்தத் தெருவில் எங்கள் வீட்டுக்கு ‘பல் டாக்டரம்மா வீடு’ என்று பெயர். நான் ‘பல் டாக்டரம்மா வீட்டுக்காரர்’. பத்திரிகையில் என் வாழ்நாள் முழுவதும் எழுதியதற்கு மேலே ‘நமது நிருபர்’ என்று போட்டார்கள். குறையாகச் சொல்லவில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

மதியம் அவள் பின்னறைக்கு வந்து உட்கார்ந்தாள். பின்னறை என்னுடையது. மேசை, விளக்கு, பெயின்ட் புட்டிகள், நான் செய்து முடித்த பிளாஸ்டிக் விமானங்கள் நிற்கும் கண்ணாடி அலமாரி எல்லாம் அங்கேதான். ‘காபி ஆறுது’ என்று சொல்ல அவள் வாசல்வரை வந்ததுண்டு. உட்கார்ந்ததில்லை.

“எனக்கும் ஒண்ணு குடுங்க” என்றாள்.

“என்ன?”

“ஏரோப்ளேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

“உனக்குக் கழுத்து வலி.”

“பேஷன்ட் வாய் அசையும். இது அசையாதில்லீங்க.”

மர அலமாரியைத் திறந்தேன். நான் வாங்கி, இன்னும் பிரிக்காத மாடல் கிட் பெட்டிகள் அதில் இருக்கின்றன. யோசித்து ஒரு சீ ஹாக்கை எடுத்துக் கொடுத்தேன். நம் கடற்படையின் முதல் ஜெட் போர் விமானம் அது. விக்ராந்த் கப்பலிலிருந்து பறந்தது. நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு, உள்ளங்கையில் அடங்கும். பழைய தயாரிப்பு. பம்பாய்க்கு ஒரு செய்திக்காகப் போனபோது நடைபாதையில் வாங்கியது. ஒரு இறக்கை வளைந்திருக்கும். விமானியின் தலைக்கு மேல் வரும் கண்ணாடி காணாமல் போய்விட்டது. உடல் முழுக்க ரிவெட் ஆணிப் புள்ளிகள் வேர்க்குரு மாதிரிப் புடைத்துக்கொண்டிருக்கும்.

முதல் தடவை செய்பவர்களுக்கு ஏற்றது என்று சொன்னேன். ஒருவகையில் சரிதான். அதில் கெடுவதற்கு ஒன்றும் இல்லை.

ஜனவரி 9, வியாழன்

என் மேசையின் இடது பாதியைக் கொடுத்தேன். வலது பாதியில் என் சீ ஹாரியர் இருக்கிறது. அதுவும் கடற்படை ஜெட்தான், ஆனால் புதிய தயாரிப்பு. பாகங்கள் ஒன்றோடொன்று அப்படியே பொருந்தும். மார்ச் முதல் வாரம் எங்கள் மாடல் சங்கத்தின் கண்காட்சி. அதற்காக நவம்பரிலிருந்து செய்கிறேன்.

தமயந்தி என் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

“இது என்னோட ஸ்கேலர்ங்க. பல்லுல காரை எடுக்கறது. தொலைஞ்சு போச்சுன்னு நர்ஸைத் திட்டினேன்.”

“முனை மழுங்கிருச்சுன்னு நீதான் தூக்கிப் போட்டுட்டே.”

“இதுவும் என்னுது. இதுவும். அட, இதுவும்!”

என்னுடையது என்று கடைசியில் மிஞ்சியவை ஒரு கத்தரிக்கோலும் இரண்டு தூரிகைகளும். அவள் கிளினிக்கிலிருந்து புதிய செட் ஒன்றைக் கொண்டுவந்து வெள்ளைத் துணி விரித்து அடுக்கினாள். வளைந்த இறக்கையை வெந்நீரில் காட்டி, கண்ணாடித் துண்டு மேல் வைத்து விரலால் அமுக்கினாள். நேராகிவிட்டது. பல்செட்டை அப்படித்தான் நிமிர்த்துவார்களாம்.

என் பழைய மிக் விமானத்தின் இறக்கை இன்னும் கொஞ்சம் வளைந்தேதான் இருக்கிறது. அலமாரியில் மூன்றாவது தட்டு. யாரும் கவனித்ததில்லை.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். அவள் தங்கை ஒண்டிப்புதூரிலிருந்து வந்திருந்தாள். சாப்பாடு முடிந்ததும் தமயந்தி அவளை நேராகப் பின்னறைக்கு அழைத்துப்போனாள். என் அலமாரியைக் காட்டத்தான் என்று நினைத்தேன். இல்லை.

காட்டியது சீ ஹாக்கை. அதில் புடைத்திருந்த புள்ளிகளையும் கோடுகளையும் தமயந்தி உப்புத்தாளால் தேய்த்து வழித்துவிட்டாள். நிஜ விமானத்தில் தகடுகள் சேரும் இடம் மெல்லிய பள்ளமாகத்தான் இருக்கும்; புடைத்திருக்காது. அந்தப் பள்ளக் கோடுகளை இப்போது ஸ்கேலர் முனையால் கீறுகிறாள். ஸ்கேல் வைப்பதில்லை. ஒரே இழுப்பு. கோடு எங்கேயும் தடுமாறவில்லை.

“அக்கா, மாமா செஞ்சதைவிட இது நைஸா இருக்குதே” என்றாள் தங்கை.

“சத்தமாப் பேசாதே. அவரு பக்கத்துலதான் இருக்காரு” என்றாள் தமயந்தி. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

சீ ஹாக்கின் இறக்கைகள் உடலோடு சேரும் இடத்தில், முன்னால் எஞ்சினுக்குக் காற்று போகும் வாய் பக்கத்துக்கு ஒன்று இருக்கும். இந்தப் பழைய கிட்டில் அந்த வாய்கள் சுவராக அடைபட்டிருக்கின்றன. பெரும்பாலானவர்கள் அதன்மேல் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

“வாய்னா திறந்திருக்கோணும்” என்று சொல்லிவிட்டு கிளினிக்கிலிருந்து டிரில்லைக் கொண்டுவந்தாள். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு இடது கடைவாய்ப் பல் கூசியது. அரை மணியில் இரண்டு வாயும் திறந்தன. உள்ளே, பல்செட் செய்யும் ரோஸ் நிற அக்ரிலிக்கை மெல்லிசாகப் பூசி, வளைந்து உள்ளே போகும் குழாய் மாதிரி செய்தாள். விளக்கைக் காட்டினால் வெளிச்சம் வளைவு வரை போகிறது.

அதைப் பார்த்துக்கொண்டே என் ஹாரியரின் மேல்கண்ணாடியை ஒட்டினேன். கையில் கிடைத்த, தொட்டவுடன் ஒட்டும் பசையால் ஒட்டிவிட்டேன். அந்தப் பசையின் ஆவி, கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளையாகப் படியும். துடைக்க முடியாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் எச்சரிக்கையே இதுதான். சாயங்காலம் பார்த்தபோது ஹாரியருக்குக் கண்புரை வந்த மாதிரி இருந்தது.

“அய்யோ” என்றாள் தமயந்தி. “நான் வேற செஞ்சு தரட்டுமா? தாடைக்கு அச்சு எடுக்கற மாதிரிதான்.”

வேண்டாம் என்றேன். குளிர்காலத்தில் நிஜ விமானங்களிலும் பனி படியும்.

“கோயமுத்தூர்லயா?” என்றாள்.

ஜனவரி 27, திங்கள்

விமான உடலின் இரண்டு பாதிகளையும் தமயந்தி இன்று ஒட்டி மூடினாள். நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை தமயந்தி சக்கரங்களை ஒட்டினாள். மூக்குக்குக் கீழே ஒன்று, இறக்கைகளுக்குக் கீழே இரண்டு. பசை காய்ந்ததும் விமானத்தை மேசையில் நிறுத்தினாள். அது மூக்கை மேலே தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்தது. மறுபடி நிறுத்தினாள். மறுபடி உட்கார்ந்தது.

“ஏனுங்க இது நாய் மாதிரி உக்காருது?”

பிளாஸ்டிக் விமானங்களில் பின்பக்கம் கனம் அதிகம். அதனால் உடலை மூடும் முன்பு மூக்குக்குள் எடை வைக்க வேண்டும். நான் தூண்டில் ஈயக்குண்டு வைப்பேன். மூடிவிட்டால் வைக்க வழியில்லை. இதை அவளிடம் சொன்னேன்.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“எல்லா விமானத்துக்குமா?”

“மூணு சக்கரத்துல நிக்கறது பெரும்பாலும் எல்லாத்துக்கும்.”

“அன்னைக்கு நான் மூடறப்போ நீங்க இங்கதான இருந்தீங்க.”

“பேப்பர் படிச்சிட்டிருந்தேன்.”

“தலைகீழாவா பிடிச்சிருந்தீங்க?”

“நீ கேக்கலையே, தமயந்தி.”

“பேஷன்ட் கேக்க மாட்டாங்க. டாக்டருதான் சொல்லோணும்.”

அவள் சமையலறைக்குப் போனாள். குக்கர் நான்கு விசில் அடித்தது. பருப்புக்கு மூன்று போதும்.

விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். வாலுக்கு அடியில் ஒரு சின்னக் குச்சியை நிறுத்தி முட்டுக் கொடுக்கலாம், பலர் அப்படிச் செய்வார்கள் என்று சொல்லலாம் எனக் காத்திருந்தேன். அவள் திரும்பி வந்து விமானத்தை மல்லாத்தினாள். மூக்குச் சக்கரம் மடங்கி உள்ளே போகும் குழியில் மிகச் சிறிய துளை போட்டாள். பல்லில் வெள்ளி அடைக்க வைத்திருந்த அமால்கம் மிச்சம் இருந்தது. அதைக் குழைத்து, துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மூக்குக்குள் செலுத்தி, கம்பியால் அமுக்கி அமுக்கி நிரப்பினாள். வேர்ச் சிகிச்சை செய்த பல்லை அடைப்பது மாதிரிதான். துளையை மூடி மட்டமாக்கினாள். எங்கே துளை போட்டாள் என்று இப்போது என்னாலேயே சொல்ல முடியாது.

சீ ஹாக் மூன்று சக்கரத்திலும் நின்றது.

ஈயக்குண்டு உள்ளே சில சமயம் கழன்று உருளும். என்னுடைய இரண்டு விமானங்களை ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் வரும். அமால்கம் உருளாது.

பிப்ரவரி 5, புதன்

பேச்சு குறைவு. ரசம் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 12, புதன்

காணாமல் போன மேல்கண்ணாடிக்கு இன்று அச்சு செய்தாள். மெழுகில் வடிவம் செதுக்கி, அதைப் பிளாஸ்டரில் வார்த்து, பல்லுக்கு உறை செய்யும் மெஷினில் வைத்தாள். கண்ணாடி மாதிரி இருக்கும் தகடு சூட்டில் தொய்ந்து பிளாஸ்டர் மேல் படிந்தது. ஓரத்தை வெட்டி எடுத்துச் சீ ஹாக்கின் மேல் வைத்தாள். காற்றுக் குமிழி போல மெல்லிசு. உள்ளே அவள் செய்த இருக்கை, ஆபத்தில் விமானி இழுத்துக் குதிக்கும் கைப்பிடி, இருக்கை வார் எல்லாம் தெரிகின்றன.

பிறகு என் பாதி மேசையில் ஒன்றை வைத்தாள். ஹாரியருக்கான கண்ணாடி. நான் மதியம் தூங்கும்போது அளவெடுத்திருக்கிறாள்.

“வேண்டாம்னா குப்பையில போட்டுருங்க” என்றாள்.

பிளாஸ்டிக்கைக் குப்பையில் போடுவது சுற்றுச்சூழலுக்குக் கெடுதல். அது தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. பழைய கண்ணாடியைப் பெயர்த்துவிட்டு இதைப் பொருத்தினேன். பொருந்தியது.

பிப்ரவரி 20, வியாழன்

சங்கத்தின் செயலாளர் பிரேம்நாத் வந்தான். பம்ப் கம்பெனியில் டிசைனர். முப்பது வயது இருக்கும். சங்கத்தில் என்னைத்தான் மூத்த கை என்பார்கள். எந்தப் பசை, எந்தப் பட்டி, எந்த நிறம் என்று எல்லாரும் என்னிடம்தான் கேட்பார்கள்.

என் ஹாரியரைப் பார்த்து “சூப்பர் அங்கிள்” என்றான். பிறகு அதன் பக்கத்தில் சீ ஹாக் நின்றதைப் பார்த்தான். மேலே கடல் சாம்பல், கீழே வெளிர்பச்சை கலந்த வெண்மை, மூவர்ண வட்டங்கள். தமயந்தி நேற்றுதான் முடித்தாள். நிறத்தின் பெயரை நான் சொன்னேன்; கலந்தது அவள். முப்பது வருடம் ஒவ்வொருவரின் பல்லுக்கும் நிறம் பார்த்துச் சேர்த்தவள்.

பிரேம்நாத் உட்கார்ந்துவிட்டான்.

“அங்கிள், இது அந்தப் பழைய கிட்டா? அதுல இருந்தா இது?”

“ஆன்ட்டி செஞ்சது” என்றேன்.

“ஆன்ட்டியா! எத்தனாவது மாடல்?”

“முதல்.”

“முதலா!” அவன் குரல் கூடத்துக்குக் கேட்டிருக்கும். “ஆன்ட்டி, காத்து போற வாயைத் தொறந்தே விட்டீங்களா? உள்ளே குழாய் வேறயா? அங்கிள், நீங்க இதைப் பண்ணதே இல்லையே.”

“இல்லை.”

“எப்படித்தான் பண்ணீங்க ஆன்ட்டி?”

“எல்லாம் அங்கிள் சொல்லிக்குடுத்ததுதான் தம்பி” என்றாள் தமயந்தி. “ஒண்ணே ஒண்ணைத் தவிர.”

அவன் போன பிறகு ஹாரியரை எடுத்து விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். மோசமில்லை. எந்த இடத்திலும் குறையில்லை. ஆனால் புதிய கிட் அது. பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டினாலே அப்படித்தான் வரும்.

“உங்களுக்குப் பொறாமைங்க” என்றாள் தமயந்தி, வெங்காயம் உரித்துக்கொண்டே.

தகவல் பிழை என்றேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

கண்காட்சியில் ஒவ்வொரு மாடலுக்கு முன்னாலும் ஒரு அட்டை இருக்கும். விமானத்தின் பெயர், அளவு, செய்தவர் பெயர். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் வருடா வருடம் அட்டைகளை நான்தான் எழுதுகிறேன். பிரேம்நாத் கணினியில் அடித்துத் தருகிறேன் என்பான். வேண்டாம் என்பேன். பெயரைக் கையால் எழுதினால்தான் பெயர்.

எல்லாருடையதையும் எழுதி முடித்துவிட்டு ஹாரியருக்கு எழுதினேன்: ‘செய்தவர்: சு. தெய்வசிகாமணி’. சீ ஹாக்குக்கு எழுதினேன்: ‘செய்தவர்கள்: சு. தெய்வசிகாமணி, டாக்டர் தெ. தமயந்தி’.

கிட் என்னுடையது. மேசை என்னுடையது. பெயின்ட்டும் என்னுடையது. நிறத்தின் பெயரைச் சொன்னது நான். உண்மைக்கு மாறாக எதுவும் எழுதவில்லை.

காபி கொண்டுவந்தவள் அட்டைகளைப் பார்த்தாள். சீ ஹாக் அட்டையை எடுத்து இரண்டு தடவை படித்தாள். நான் பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

“உங்க பேரு முதல்ல வருதுங்க.”

“அகரவரிசைப்படியும் அப்படித்தான் வரும். ‘த’வுக்கு அப்புறம்…” சொல்லும்போதே அது தப்பு என்று தெரிந்துவிட்டது. ‘த’ முன்னால், ‘தெ’ பின்னால்.

அவள் திருத்தவில்லை. என் கையிலிருந்து பேனாவை வாங்கி, ஹாரியர் அட்டையில் என் பெயருக்குப் பக்கத்தில் காற்புள்ளி வைத்து, ‘டாக்டர் தெ. தமயந்தி’ என்று எழுதினாள். டாக்டர் கையெழுத்து. சீட்டில் மருந்து எழுதிய மாதிரி இருந்தது.

“என்ன பண்றே?”

“கண்ணாடி என்னுதுதானங்க.”

என்னால் உட்கார முடியவில்லை. நான்கு மாத வேலை. ஒரு கண்ணாடிக்காக ஒரு பெயரா? அது என் விமானம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொன்னால் அடுத்து அவள் என்ன சொல்வாள் என்று தெரியும்.

அவள் போன பிறகு புதிய அட்டை எடுத்தேன். ‘சீ ஹாக். செய்தவர்: டாக்டர் தெ. தமயந்தி’ என்று எழுதினேன். ஹாரியரின் அட்டையை மாற்றி எழுதவும் அட்டை இருந்தது. மாற்றவில்லை. எழுதியது எழுதியபடியே இருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

கண்காட்சி முடிந்தது. முதல் பரிசு பிரேம்நாத்தின் நீராவி ரயில் எஞ்சினுக்கு. எங்கள் இரண்டு விமானங்களுக்கும் பரிசு இல்லை. இதில் எனக்கு இருந்த திருப்தியைப் பற்றி விரிவாக எழுதத் தேவையில்லை, ஏனென்றால் அது மதியம் வரைதான் இருந்தது.

மதியம் ஒரு பெரியவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர், வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த நடை. வந்தவர் மற்ற மேசைகளைப் பார்க்கவில்லை. சீ ஹாக் முன்னால் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். பெயர் மாசிலாமணி. சொந்த ஊர் நாகர்கோவில், இப்போது சிங்காநல்லூரில் இருக்கிறார். இளவயதில் கடற்படையில் சேர்ந்து கோவாவிலும் கப்பலிலும் சீ ஹாக் விமானங்களுக்கு மெக்கானிக்காக இருந்தவர்.

“இந்த எடத்துலதான்” என்று இறக்கை மடங்கும் மூட்டைக் காட்டினார். தொடவில்லை. பிறகு தன் வலது சுண்டுவிரலைக் காட்டினார். அது நுனியில் கோணியிருந்தது. “கப்பல்ல எடம் பத்தாதுல்லா, அதனால றெக்கைய மடக்கி வைப்போம். ஒருநா அதுல மாட்டிக்கிட்டு.”

தமயந்தி அவர் கையைப் பிடித்து விரலைத் திருப்பிப் பார்த்தாள். “அப்பவே சரியா கட்டியிருக்கோணும். யாருங்க பாத்தாங்க?”

“கப்பல் டாக்டர்தாம்மா. அவருக்கு அன்னைக்கு கடல் ஒத்துக்கல. என்னைவிட அவரு நெலைமை மோசம்.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவர் குனிந்து, விமானிகள் ஏற மிதிக்கும் இடத்தில் பெயின்ட் தேய்ந்திருப்பதைப் பார்த்தார். ஒரு புகைப்படத்தில் பார்த்து அவள் அப்படித் தேய்த்திருந்தாள். நான் அப்போது வேண்டாம் என்றேன். அழுக்காகத் தெரியும் என்றேன்.

“எம் பூட்ஸும் இதுல இருக்கும்மா” என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, “ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டா?” என்று கேட்டார்.

“போட்டோ எதுக்குங்க? இதையே எடுத்துட்டுப் போங்க.”

“விளையாட்டுக்குச் சொல்றாங்க” என்றேன் நான்.

“விளையாட்டுக்கு இல்லீங்க” என்றாள் தமயந்தி. “நிஜமாத்தான். எனக்குச் செஞ்சதே போதும்.”

பெரியவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்தார். ஐந்து மணிக்குச் சீ ஹாக் ஒரு ஸ்வீட் பாக்ஸில் பஞ்சு விரித்து சிங்காநல்லூருக்குப் போயிற்று.

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து வாக்குவாதம்.

“அதை எப்படிக் குடுக்கலாம்?” என்றேன்.

“யாருதுங்க அது?”

“உன்னுதுதான்.”

“அட்டையிலயும் அப்படித்தான இருந்துச்சு? நீங்கதான எழுதுனீங்க.”

“அதுக்காக? முன்பின் தெரியாத ஆளு. எங்க வைப்பாரு, எப்படி வைப்பாருன்னு தெரியுமா? பேரன் எடுத்து வீசினா? டிவி மேல வெச்சு தூசி படிஞ்சா? துணியால துடைச்சார்னா ஆன்டெனா ஒடிஞ்சுரும். முடி கனம்தான் இருக்குது அது.”

தமயந்தி என்னை வேடிக்கையாகப் பார்த்தாள்.

“ரெண்டு மாசமா அந்த விமானத்தைப் பாத்தாலே உங்க மூஞ்சி கோணிக்கிச்சு. இப்ப என்னவாம்?”

“அது வேற.”

“நீங்க இத்தனை செஞ்சிருக்கீங்களே. ஒண்ணையாவது யாருக்காவது குடுத்திருக்கீங்களா?”

“யாரும் கேட்டதில்லை” என்றேன்.

மேசையின் இடது பாதியைத் துடைத்து வைத்திருக்கிறாள். என் கருவிகளை அங்கே பரப்பிக்கொள்ளலாம். இன்னும் பரப்பவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஸ்கூட்டர் சர்வீஸ் என்று சொல்லிவிட்டுப் போனேன். சர்வீஸ் கடை சிங்காநல்லூரில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இருக்கக் கூடாது என்பதும் இல்லை. லென்ஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாசிலாமணியின் வீடு சந்துக்குள் இரண்டாவது. மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றனவாம், தனியாக இருக்கிறார். பேரன் அமெரிக்காவில், எனவே வீசியெறிய வழியில்லை. சீ ஹாக்கை ஒரு மேசையில் வைத்து, சின்ன மீன் தொட்டியைக் கவிழ்த்து மூடியிருந்தார். தூசி இல்லை. ஆன்டெனா இருந்தது.

“பக்கத்துல வந்தேன், அப்படியே…” என்றேன்.

“இருங்க சார், டீ போடுதேன்” என்று உள்ளே போனார்.

தொட்டியைத் தூக்கி வைத்தேன். லென்ஸில் ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன். மூக்கு. கண்ணாடி ஓரம். காற்று வாய். கோடுகள். வட்டங்களின் விளிம்பு. தொழில்முறையில் சொல்கிறேன், ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு மெதுவாக மல்லாத்தினேன். இடது பக்கம், எஞ்சின் புகைக்குழாய்க்குக் கீழே, இரண்டு பாதிகளும் ஒட்டிய தடம் ஒரு முடி அகலத்துக்குத் தெரிந்தது. இடைவெளியை அடைக்கும் பட்டி சரியாகப் போகவில்லை.

எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை இங்கே எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

மாசிலாமணி டீயுடன் வந்து, நான் விமானத்தை மல்லாக்கப் பிடித்திருப்பதைப் பார்த்தார்.

“அதே எடமா?” என்றார்.

“என்ன?”

“வெள்ளிக்கெழம அம்மாவும் அங்கதான் பாத்துக்கிட்டிருந்தாங்க. லென்ஸும் கொண்டாந்திருந்தாங்க.”

வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போவதாகச் சொன்னாள்.

“என்ன சொன்னாங்க?” என்றேன்.

“ஒண்ணும் சொல்லல. திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. எனக்குப் பயமாப் போச்சு சார், திருப்பிக் கேட்ருவாங்களோன்னு. கேக்கல. டீயக் குடிச்சிட்டு எந்திரிச்சாங்க. வாசல் வரைக்கும் போயிட்டு, செருப்ப மாட்டிக்கிட்டு, இன்னொருக்கா எட்டிப் பாத்துட்டுப் போனாங்க.”

ஒரே ஒருவர் சொன்னதை வைத்துச் செய்தி போடுவது என் வழக்கமில்லை. வீட்டுக்கு வந்ததும் தமயந்தியிடம் கேட்டேன்.

“வெள்ளிக்கிழமை கோயில்ல கூட்டமா?”

“ஏனுங்க கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

“சுமாரா இருந்துச்சு” என்றாள். சொல்லிவிட்டு, ஏற்கெனவே நிறுத்தியிருந்த அடுப்பை இன்னொரு தடவை நிறுத்தினாள்.

மார்ச் 13, வியாழன்

பேங்குக்குப் போக வேண்டும் என்றாள். கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். ஆட்டோவில் போய்க்கொள்கிறேன் என்றாள். எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை.

ஹோப் காலேஜ் சிக்னலில் சிவப்பு விழுந்தது. நேராகப் போனால் பேங்க். வலதுபுறம் திரும்பினால் சிங்காநல்லூர்.

“பாஸ்புக் எடுத்தியா?” என்றேன்.

ஸ்கூட்டர் கண்ணாடியில் பார்த்தேன். அவள் மடியில் இருந்தது சின்னக் கைப்பை. பாஸ்புக்கை மடித்தால்கூட அதில் போகாது.

பச்சை விழுந்தது. வலது பக்கம் கைகாட்டித் திரும்பினேன்.

“பேங்க் நேராப் போகோணுங்க.”

“தெரியும்.”

காமராஜர் சாலையில் பாதி தூரம் போயிருப்போம். ஒரு தண்ணீர் லாரியை முந்தும்போது என் காதருகில் கேட்டாள்:

“அந்த இடது பக்கம், கீழ, பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“ரொம்பத் தெரியுதா?”

ஒரு குறையாவது தெரிகிறது என்று சொல்ல எனக்கு இரண்டு மாதமாக ஆசை.

“லென்ஸ் வெச்சாத்தான்” என்றேன்.

மாசிலாமணி எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் கதவைப் பாதி பிடித்தபடியே நின்றார். திருப்பிக் கேட்கத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். உள்ளே விமானம் பழைய மேசையில் இல்லை. நன்றாகத் தெரியட்டும் என்று தொட்டியோடு தூக்கிச் சன்னல் திண்டில் வைத்திருந்தார். பதினொரு மணி வெயில் நேராக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக். சூட்டில் வளைந்துவிடும்.

“வெயில்!” என்று தமயந்தியும் நானும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

அவர் பதறிப்போய் ஓடினார். அவர் எடுப்பதற்குள் தமயந்தி தொட்டியைத் தூக்கினாள், நான் விமானத்தைத் தூக்கினேன். அறையில் வெயில் படாத இடம் எது என்று மூன்று பேரும் தேட ஆரம்பித்தோம்.